எண்ணூர் அமோனியாவும் நம் வயல் தக்கைப்பூண்டும்: மண்ணை மூடும் பயிருக்கு ஒரு கணக்கு

2023 டிசம்பர் 26-ஆம் தேதி, நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் பகுதி மக்கள் மூச்சுத் திணறலோடும் கண் எரிச்சலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு வெளியே ஓடினார்கள். அங்குள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் இருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டிருந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஆலை நிறுத்தப்பட்டது. சுற்றுவட்டார மீனவக் கிராம மக்கள் பல வாரங்கள் போராட்டம் நடத்தினார்கள்.

இது மீனவர்களின் பிரச்சினை, தொழிற்சாலைப் பிரச்சினை என்று நாம் கடந்து போய்விட்டோம். ஆனால் அந்தக் குழாயில் வந்தது நமக்கான சரக்கு. நாம் கடையில் வாங்கும் உர மூட்டையில் இருக்கும் தழைச்சத்து, மூட்டைக்குள் போவதற்கு முன்பு அமோனியாவாகத்தான் இருந்தது. அதனால் எண்ணூர்ச் செய்தியை உழவர்களும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். அதே தழைச்சத்தில் ஒரு பகுதியை நம் வயலிலேயே, மண்ணையும் காத்துக்கொண்டு, விளைவிக்க முடியும். முடியும் என்று தெரிந்தும் ஏன் பெரும்பாலோர் செய்வதில்லை என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

தழைச்சத்து எண்ணூர் வழியாக வருகிறது

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். ஆனால் நெல்லோ கரும்போ அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. தொழிற்சாலையில் அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் காற்றின் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா ஆக்குகிறார்கள். அந்த ஹைட்ரஜன் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவில் இருந்து வருகிறது. ஆக, உர மூட்டை என்பது ஒருவகையில் எரிவாயு மூட்டை.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலியின் முக்கியமான ஒரு முனை வடசென்னையில் இருக்கிறது. எண்ணூரில் காம்ப்ளக்ஸ் உரம் தயாரிக்க அமோனியா கப்பலில் வருகிறது. பக்கத்தில் மணலியில் யூரியா தயாரிக்கும் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை, 2019-இல் நாப்தாவை விட்டு எரிவாயுவுக்கு மாறியது. அந்த எரிவாயுவும் எண்ணூர் முனையத்தில் கப்பலில் இருந்து இறங்குவதுதான். வெளிநாட்டில் போர் வந்தால் விலை ஏறுகிறது, புயல் வந்தால் கப்பல் நிற்கிறது, குழாய் கசிந்தால் ஆலை நிற்கிறது. உக்ரைன் போர் தொடங்கியதை அடுத்து வந்த 2022-23 நிதியாண்டில் மத்திய அரசின் உர மானியச் செலவு 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தொட்டது இதனால்தான்.

இயற்கை உழவருக்கு இதில் என்ன?

"நாங்கள் யூரியாவே தொடுவதில்லை, எங்களுக்கு இந்தக் கவலை இல்லை" என்று இயற்கை விவசாயம் செய்பவர்கள் சொல்லலாம். ஆனால் தழைச்சத்துத் தேவை அவர்களுக்கும் அதேதான். யூரியாவுக்குப் பதில் அவர்கள் தேடுவது எரு. முன்பு வீட்டுக்கு நாலு மாடு இருந்தபோது எரு பெரிய செலவில்லை. இன்று பல ஊர்களில் மாடுகள் குறைந்துவிட்டன. எருவை வெளியூரில் இருந்து டிராக்டரில் விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. உரக்கடைச் செலவு எருச் செலவாக மாறியதே தவிர, வெளியில் இருந்து வாங்குவது நிற்கவில்லை.

இயற்கைச் சான்று வாங்க முனைவோருக்கு இன்னொரு நெருக்கடி. ரசாயனத்தை நிறுத்திய பிறகு ஆண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டு, பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டு மாற்றுக் காலம் உண்டு. அந்தக் காலத்தில் விளைச்சல் குறையும், ஆனால் இயற்கை விளைபொருளுக்கான விலையும் கிடைக்காது. பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். அந்த ஆண்டுகளில் மண்ணுக்கு உள்ளிருந்தே சத்து சேர்க்கும் வழி வேண்டும். மூடுபயிரும் பசுந்தாள் உரப்பயிரும் அதற்காகத்தான்.

வெறும் மண்ணுக்குக் கோடையில் நடப்பது

அறுவடை முடிந்து அடுத்த நடவு வரை வயல் சும்மா கிடக்கிறது என்கிறோம். மண் சும்மா கிடப்பதில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் மூடாத மண்ணின் மேற்பரப்பு நண்பகலில் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது உண்டு. அந்தச் சூட்டில் மேல்மண்ணில் நுண்ணுயிர்களின் வேலை முடங்கும், மண்புழு ஆழத்துக்குப் போய்விடும். கோடை மழையின் முதல் அடி வெறும் மண்ணில் விழுந்தால், துளிகள் மண் கட்டிகளை உடைத்து மேலே ஓடு போல இறுக்கிவிடும். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடும். எஞ்சியிருந்த தழைச்சத்தும் கரைந்து கீழே போகும்.

அதே நிலத்தில் ஒரு பயறு வகைச் செடி நின்றால் வெயிலை இலை வாங்கும், மழையின் அடியை இலை தாங்கும், வேர் மண்ணைப் பிடித்து வைக்கும். வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் நுண்ணுயிர், அமோனியா ஆலை அழுத்தத்தில் செய்யும் வேலையை ஓசையில்லாமல் செய்யும்.

எண்ணூருக்கு அடுத்த வயல்கள்: உப்பின் கதை

எண்ணூரில் இருந்து வடக்கே போனால் மீஞ்சூர், பொன்னேரி நெல் வயல்கள். இங்கே மண்ணை மூடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் நிலத்தடி நீர் பல ஆண்டுகள் அதிகமாக உறிஞ்சப்பட்டது. மீஞ்சூர் பகுதியில் கடல்நீர் உட்புகுந்தது 1969-லேயே கண்டறியப்பட்டது. பிறகு அது கடற்கரையில் இருந்து 10 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே வந்துவிட்டது.

உப்புக் கலந்த ஈரம் அடிமண்ணில் இருக்கும்போது, வெறும் வயலில் வெயில் அடித்தால் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மண் அந்த ஈரத்தை மேலே இழுக்கும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலேயே தங்கிவிடும். கோடையில் வரப்போரம் வெள்ளையாகப் பூப்பது இதுதான். வயல் மூடியிருந்தால் மேற்பரப்பில் இருந்து ஆவியாவது குறையும், உப்பு ஏறுவதும் குறையும்.

இது முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினம் கடலோர வயல்களில் கடல்நீர் ஏறி நின்றது. இனிப் பல ஆண்டுகள் எதுவும் விளையாது என்ற பேச்சு இருந்தபோது, நம்மாழ்வாரும் இயற்கை உழவர் அமைப்புகளும் உள்ளூர் விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்தார்கள். படிந்த சேற்றை அகற்றி, மழைநீரைத் தேக்கி உப்பைக் கழுவி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். அந்த நிலங்களில் மீண்டும் நெல் விளைந்தது. கவனிக்க வேண்டியது, தக்கைப்பூண்டு தனியாக இதைச் செய்யவில்லை. மழைநீரும் வடிகாலும் உப்பை வெளியேற்றின. தக்கைப்பூண்டு மண்ணைப் பொலபொலப்பாக்கி, நீர் இறங்க வழி திறந்து, மட்கைச் சேர்த்தது.

266 ரூபாய் மூட்டையோடு போட்டி

இவ்வளவு நன்மை இருந்தும் பசுந்தாள் விதைப்பு ஏன் குறைந்துபோனது? சோம்பலால் அல்ல. கணக்கைப் பாருங்கள்.

நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டை 45 நாளில் மடக்கி உழுதால், ஹெக்டேருக்கு 60 முதல் 80 கிலோ தழைச்சத்து கிடைப்பதாகப் பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு இது 24 முதல் 32 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 20.7 கிலோ தழைச்சத்து. ஆக, ஓர் ஏக்கர் தக்கைப்பூண்டு சுமார் ஒன்றேகால் முதல் ஒன்றரை மூட்டை யூரியாவுக்குச் சமம். ஒரு மூட்டை யூரியா நமக்குக் கிடைப்பது 266 ரூபாய் 50 காசுக்கு. அதாவது 400 ரூபாய்க்குள் முடிகிற வேலைக்கு, 20 கிலோ விதை, இரண்டு உழவு, ஒன்றிரண்டு தண்ணீர், ஐம்பது நாள் காத்திருப்பு. ரசாயன விவசாயம் செய்பவர் இந்தக் கணக்கைப் பார்த்துப் பசுந்தாளை விட்டதில் வியப்பில்லை.

ஆனால் அந்த 266 ரூபாய் உண்மையான விலை அல்ல. மூட்டையின் உண்மையான செலவு அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசு மானியமாகக் கட்டுகிறது. எண்ணூர் மக்கள் அந்த இரவில் கொடுத்த விலையும், நம் மண் ஆண்டுதோறும் இழக்கும் மட்கின் விலையும் அந்த மூட்டையில் அச்சாவதில்லை.

இயற்கை உழவரின் கணக்கு வேறு. அவர் ஒப்பிட வேண்டியது எருவோடு. நல்ல தொழுவுரத்தில் தழைச்சத்து நூற்றுக்கு அரைப் பங்கு அளவில்தான் இருக்கும். 25 கிலோ தழைச்சத்துக்கு 5 டன் எரு வேண்டும். அதை வாங்கி, ஏற்றி, இறக்கி, இறைக்க ஆகும் செலவை உங்கள் ஊர் விலையில் எழுதுங்கள். பக்கத்தில் 20 கிலோ தக்கைப்பூண்டு விதையையும் உழவுக் கூலியையும் எழுதுங்கள். பெரும்பாலான ஊர்களில் தக்கைப்பூண்டுதான் மலிவாக வரும்.

இலங்கை தந்த பாடம்

அப்படியானால் ரசாயன உரத்தை நாளையே நிறுத்திவிடலாமா? கூடாது. 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரென்று தடை போட்டது. மாற்றாகப் பசுந்தாள் விதையோ, போதுமான எருவோ, மண்ணைத் தயார் செய்ய அவகாசமோ உழவர்களிடம் இல்லை. நெல்லும் தேயிலையும் அடி வாங்கின. விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அங்கே தோற்றது அவசரம். உரத்தை நிறுத்துவதற்கு முன்பே மண்ணைத் தயார் செய்திருக்க வேண்டும். நம்மில் மாற நினைப்பவர்கள் முதலில் ஓர் ஏக்கரில், ஒரு போகத்தில் தொடங்குவதே நல்லது.

எந்த மண்ணுக்கு எந்தப் பயிர்?

களிமண், நீர் தேங்கும் வயல், உவர் நிலம்: தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. நீர் தேக்கத்தையும் ஓரளவு உப்பையும் தாங்கும். தண்டிலும் முடிச்சு விடும் மணிலா அகத்தியும் நஞ்சைக்கு ஏற்றது.

வடிகால் உள்ள வண்டல், செம்மண்: சணப்பை. வேகமாக வளர்ந்து களையை அமுக்கும். நீர் தேங்கினால் அழுகிவிடும்.

மணற்பாங்கான நிலம், ஆடு மாடு மேயும் இடம்: கொழிஞ்சி. வறட்சியைத் தாங்கும், கால்நடை கடிக்காது. ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ விதை போதும். விதைத்தோல் கடினமானது, மணலோடு சேர்த்துத் தேய்த்து விதைத்தால் சீராக முளைக்கும்.

தோப்பு, காய்கறி வயல்: தட்டைப்பயறு, கொள்ளு, நரிப்பயறு போன்ற படரும் பயறுகள். மண்ணோடு ஒட்டிப் படர்ந்து உயிர் மூடாக்காக நிற்கும்.

மண் மிகவும் மெலிந்திருந்தால்: பலதானிய விதைப்பு. சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள் விதை என நான்கு வகையிலும் கையில் கிடைப்பதைக் கலந்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும்.

நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

பசுந்தாளில் பலர் தோற்பது நாள் கணக்கில்தான். நடவு நாளில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் புரட்டாசி முதல் வாரம் சம்பா நடவு என்று வைத்துக்கொள்வோம். மடக்கி உழுத பின் மட்க 10 நாள். வளர 45 நாள். மொத்தம் 55 நாள். அப்படியானால் ஆடி இரண்டாம் வாரத்துக்குள் விதை மண்ணில் இருக்க வேண்டும், ஆனியிலேயே விதை வீட்டில் இருக்க வேண்டும். நடவுக்கு முன்பே நாற்று விடுவதையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாலை மழை ஒன்று கிடைத்ததும் ஒரு உழவு ஓட்டி விதையுங்கள். இதுவரை அந்தப் பயிர் போடாத நிலமாக இருந்தால் ரைசோபியம் பொட்டலம் ஒன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைப்பது நல்லது. பூ எடுக்கத் தொடங்கும் 40 முதல் 45 நாளில் மடக்கி உழுதுவிடுங்கள். இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டால் தண்டு விறகாகும், மட்காது, நடவில் தொல்லை கொடுக்கும். மடக்கிய வயலில் லேசாகத் தண்ணீர் நிறுத்தினால் சீக்கிரம் மட்கும்.

சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகமும் எடுப்பவருக்கு இடைவெளியே இல்லை. அவர்கள் நேரடி நெல் விதைப்பில் இரண்டு நெல் வரிசைக்கு இடையே தக்கைப்பூண்டு விதைத்து, 30 முதல் 40 நாளில் கோனோவீடர் கொண்டு சேற்றில் அமுக்கிவிடலாம். நவரைக்குத் தண்ணீர் போதாத ஆண்டில், சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரத்தில் உளுந்தோ பச்சைப்பயறோ தெளித்தால் வருமானமும் வரும், மண்ணும் மூடியிருக்கும்.

எங்கே பலன் தராது?

எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நான்கு இடங்களில் கவனம் தேவை.

ஒன்று, உப்பு நீர் ஆழ்குழாய்க் கிணற்றில் இருந்து பாய்ச்சிப் பசுந்தாள் வளர்க்காதீர்கள். ஒவ்வொரு பாய்ச்சலும் வயலுக்கு உப்பு சேர்க்கும். மீஞ்சூர், பொன்னேரி பக்கம் மழையை நம்பி விதைப்பதே சரி.

இரண்டு, உவரும் களரும் ஒன்றல்ல. உவர் நிலத்துக்கு நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டும். களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்ட பிறகே தக்கைப்பூண்டு பலன் தரும். எது என்று மண் பரிசோதனை நிலையம் சொல்லும்.

மூன்று, எண்ணூர் வட்டாரத்தில் நிலக்கரிச் சாம்பல் படிந்த நிலமும், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவு ஏறிய நிலமும் இருக்கலாம். மூடுபயிர் இதற்கு மருந்தல்ல. செடி இழுத்த கன உலோகத்தை மடக்கி உழுதால் அது மறுபடியும் மண்ணுக்கே போகும். அத்தகைய நிலத்தில் முதலில் பரிசோதனை, பிறகுதான் பயிர்.

நான்கு, பசுந்தாள் தருவது முக்கியமாகத் தழைச்சத்து. மணிச்சத்தை அது காற்றில் இருந்து கொண்டுவராது. எருவும் மட்கும் கொஞ்சமாவது தேவைப்படும்.

அரசு திட்டமும் ஆனி மாதமும்

தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கையை வெளியிட்டது. 2024-25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டம் 206 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்டது. அதில் 2 லட்சம் ஏக்கருக்குப் பசுந்தாள் விதை வழங்க 20 கோடி ரூபாய். ஏக்கருக்கு 1,000 ரூபாய் கணக்கு. நல்ல தொடக்கம்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு நெல் மட்டுமே சுமார் 50 லட்சம் ஏக்கரில் சாகுபடியாகிறது. அதோடு ஒப்பிட்டால் இது நூற்றுக்கு நான்கு ஏக்கர்.

பரப்பை விட முக்கியம் நாள். ஆனியில் வேண்டிய விதை ஆவணியில் கிடங்குக்கு வந்தால், கணக்கில் விநியோகம் ஆகும், வயலில் ஆகாது. எனவே கிராமசபையிலும் உழவர் குறைதீர் கூட்டத்திலும் நாம் கேட்க வேண்டியது, எங்கள் வட்டாரத்துக்குப் பசுந்தாள் விதை எந்தத் தேதிக்குள் வரும் என்பது. அடுத்தது, வரும் விதையின் முளைப்புத்திறன் எவ்வளவு என்பது.

விதைக்காக ஒவ்வோர் ஆண்டும் கைநீட்டாமல் இருக்கவும் வழி உண்டு. வரப்பிலோ வயல் ஓரத்திலோ சில சென்ட் தக்கைப்பூண்டை மடக்காமல் விதைக்கு விடுங்கள். நெற்று காய்ந்து வெடிக்கும் முன் அறுத்து அடித்து வைத்தால் அடுத்த ஆண்டு விதை நம் வீட்டிலேயே இருக்கும். பக்கத்து வயல்காரருக்கும் கொடுக்கலாம்.

எண்ணூர் மக்களுக்குப் பாதுகாப்பான குழாயும் நேர்மையான கண்காணிப்பும் கிடைக்க வேண்டும். அது ஆலையும் அரசும் செய்ய வேண்டிய வேலை. நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இந்த ஆடியில் ஓர் ஏக்கரை மூடிப் பாருங்கள். விதைக்கும் முன்னும் சம்பா அறுவடைக்குப் பின்னும் அதே இடத்தில் மண்ணைப் பரிசோதித்து, எருச் செலவையும் விளைச்சலையும் மூடாத வயலோடு ஒப்பிட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இரண்டாவது ஏக்கருக்குப் போகலாமா என்பதை அந்த நோட்டே சொல்லும்.